‘சுகமா அண்ணாச்சி?’: தூத்துக்குடிக்கு ஒரு சனிக்கிழமை

இந்தப் பயணத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், என் வீட்டுக்காரர், தூத்துக்குடியில் எங்களோடு சேர்ந்துகொண்ட அவருடைய தம்பி சாலமோன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சாலமோன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், குடித்திருந்த வேகத்தில் அண்ணனை அறைந்துவிட்டான். இவருக்கு இடது காது போனது போனதுதான். இவர் அதை அன்றைக்கே விட்டுவிட்டார். அவனால்தான் விட முடியவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க மாட்டான், மன்னிப்பும் கேட்டதில்லை, குடி மட்டும் கூடியது. அவன் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போன மாதம் எனக்குப் போன் செய்தான்.

“மதினி, இங்கன சுகமளிக்கும் கூட்டம் போடுதாவ. அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. காது கேட்டுட்டுன்னா குடிய விட்டுருதேன்னு கர்த்தர்கிட்ட பொருத்தனை பண்ணிட்டேன்.”

இவரிடம் சொன்னேன். “காதுக்காக இல்ல, அவனுக்காக வாரேன்” என்றார்.

காலை 6.15க்கு சாத்தான்குளத்தில் பஸ் ஏறி, திருச்செந்தூரில் மாறினோம். அங்கிருந்து தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டர். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பழையகாயல் தாண்டியதும் காலை வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைப் பறிக்கும். போக வர இருவருக்கும் பஸ் செலவு 240 ரூபாய். பஸ் நிலையத்திலிருந்து கூட்ட மைதானத்துக்கு ஆட்டோ 80. நூறு கேட்டார், நான் விடவில்லை.

ஆட்டோக்காரர் வாய் ஓயாதவர். காதுக்காகப் போகிறோம் என்றதும் ஆரம்பித்துவிட்டார். “எங்கப்பா சங்கு குளிச்சவரு அக்கா. முங்கி முங்கிக் காது போயிட்டு. எங்க வீட்ல காதல் பேசுனாலும் தெருவுக்கே கேக்கும்” என்றார். இறங்கும்போது இவரைப் பார்த்து, “நல்லபடியா சுகமாகி வாங்க அண்ணாச்சி. முடவன்லாம் நடந்து போயிருதான், எனக்குத்தான் திரும்புகால் சவாரி இல்ல” என்று சிரித்தார்.

பந்தலில் நல்ல கூட்டம். சாலமோன் முன்னாலேயே வந்து மூன்று நாற்காலி பிடித்து வைத்திருந்தான். குடிக்காமல் வந்திருந்தான். பாட்டும் பிரசங்கமும் முடிந்து, காது நோவுள்ளவர்களை மேடைக்கு அழைத்தார்கள். இவரும் வரிசையில் நின்றார். நான் கண்ணை மூடி உண்மையாகவே ஜெபித்தேன்.

ஊழியக்காரர் இளவயசு. இவர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, மைக்கை நீட்டி, “சுகமா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ரோட்டில் எதிரே வருகிறவரைக் கேட்பதும் இதே கேள்விதான். இவருக்கு வலது காது நன்றாகக் கேட்கும். மரியாதை தவறாத மனுஷன் வேறு. “சுகம் அய்யா. நீங்க சுகமா இருக்கியளா?” என்றார்.

காது திறந்துவிட்டது என்று மைதானமே எழுந்து அல்லேலூயா போட்டது. சாலமோன் மண்ணில் முழங்கால் போட்டு, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இவர் இறங்கி வந்து என் பக்கம் குனிந்தார். “ஏளா, நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படிக் கை தட்டுதாவ?”

சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

மதியம் சாலமோனே பொரித்த புரோட்டா வாங்கித் தந்தான். 310 ரூபாய், சால்னாவுக்காகவே போகலாம். அவன் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. அவன் கை கழுவப் போனபோது, “அவன் மூஞ்சியப் பாத்தியா? எப்படிளா சொல்லுவேன்?” என்றார் இவர். சொல்லாவிட்டால் ஒரு குடி நிற்கும். சொன்னால் உண்மை நிற்கும். தேவனுக்கு எது பிரியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நாலு மணிக்கு முத்துநகர் கடற்கரைக்குப் போனோம். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. அண்ணனும் தம்பியும் முன்னால் நடக்க, நான் செருப்பைக் கையில் பிடித்துப் பின்னால் நடந்தேன். சாலமோன் வேண்டுமென்றே இடது பக்கம் போனான். அந்தக் காதோரம் குனிந்து சொன்னான்: “அண்ணே, அன்னைக்கு அடிச்சதுக்கு என்னைய மன்னிச்சிரு.”

எனக்குக் கேட்டது. வலது பக்கம் அலை இரைந்ததால் இவருக்குக் கேட்கவில்லை. கப்பலைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். சாலமோன் பதிலுக்குக் காத்திருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் சுருங்கியதைப் பார்த்து நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பினார். தம்பி முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“ஏலே, அந்தக் காது கேக்கல. மைக்ல அவரு சுகமான்னாரு, நானும் சுகம்ன்னேன். அவ்வளவுதான்ல நடந்துச்சு. இந்தப் பக்கம் வந்து சொல்லு.”

சாலமோன் மெதுவாகச் சுற்றி வலது பக்கம் வந்து, அதே வார்த்தையை மறுபடி சொன்னான். இரண்டாவது தடவை சொல்வதற்கு எவ்வளவு பாடுபட்டான் என்று நான் பார்த்தேன். இவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

“அப்ப என் பொருத்தனை?” என்றான் அழுகையோடு.

“அது கர்த்தர்கிட்ட பண்ணது. என் காதுகிட்ட ஏம்ல கேக்க?”

கூட்டத்தில் யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் எழுதவில்லை. சுகம் தருகிறவர் இருக்கிறார் என்றுதான் இன்றும் விசுவாசிக்கிறேன். அவர் எந்தக் காதைத் திறந்தார் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததை விளக்கிக் கூட்டக்காரர்களுக்கும் தகவல் சொல்லிவிட்டோம். நீங்கள் போனால், மேடையில் “சுகமா?” என்று கேட்டால் ‘எது?’ என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். வெயிலுக்குத் தண்ணீரும் கொண்டு போங்கள்.

பஸ் ஏற்றிவிடும்போது சாலமோன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “காது கேட்டுட்டுன்னு நினைச்சப்ப லேசா இருந்துச்சு மதினி. இப்ப பயமா இருக்கு. ரூமுல தனியா இருந்தா கை தானா பாட்டிலுக்குப் போயிரும்.”

அதனால்தான் கேட்கிறேன். தூத்துக்குடியில் குடியை விட நினைக்கிறவர்கள் கூடி உட்காரும் இடமோ, அதற்கு வைத்தியம் பார்க்கும் நல்ல டாக்டரோ தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவனுக்கு வேலை நாலு மணிக்கு முடியும். அதற்கு மேல்தான் கஷ்டம். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.