சகுரா மெத்தையும் ஒரு சயோனராவும்

கம்பத்தில் புதிதாகத் திறந்த ஒரு கட்டில்-மெத்தைக் கடைக்குள் மூன்று பெண்கள் நுழைந்து, "சகுரா மெத்தை இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. இலவம்பஞ்சு இருக்கிறது, தேங்காய்நார் இருக்கிறது, ஸ்பிரிங் இருக்கிறது. சகுரா?

"அதான்... ஆட்டோவுல பாடிட்டுப் போகுதே. சகுரா, சயோனரான்னு. சகுரா சிங்கிள், சயோனரா டபுளாக்கும்னு நெனச்சோம்."

இந்தக் குழப்பத்துக்குக் காரணமானவரை எனக்கு நன்றாகத் தெரியும். அருள்ராஜ் அண்ணன். ராயப்பன்பட்டிக்காரர். விளம்பர ஆட்டோ வைத்திருக்கிறார். கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஒரு மைக், கழுத்தில் ஒரு துண்டு. கடை திறப்பு, காதுகுத்து, கண் சிகிச்சை முகாம், இரங்கல்... எதுவானாலும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் முதலில் அவர் குரலில்தான் கேட்போம்.

மெத்தைக் கடை திறப்புக்கு "புதுசா ஒரு மியூசிக் போடுப்பா" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு வந்த மகள் ஒரு பென் டிரைவை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். அண்ணன் அதைச் செருகினார். பியானோ, வயலின், தேன் மாதிரி ஒரு பெண் குரல். அவ்வளவுதான்... மெத்தை விளம்பரம் ரெடி!

மகள் பெயர் ஸ்டெல்லா. என் பழைய மாணவி, நர்ஸ். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து, அதற்காகச் சென்னையில் ஒரு வருடமாக ஜப்பானிய மொழி படித்தாள். பாடம் மண்டையில் ஏற வேண்டுமே என்று அந்த ஊர் விளம்பரப் பாட்டுகளாகத் தேடிப்பிடித்துச் சேர்த்து வைத்திருந்தாள்.

விசா வந்து அவள் ஊர் திரும்பிய அன்று ஆட்டோ என் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தது. அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பையோடு வந்த ஸ்டெல்லா அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா! இதை எதுக்குப்பா போட்டீக?"

"ஏத்தா, நல்லாத்தான இருக்கு?"

"திறப்பு விழாவுக்குப் போடுற பாட்டாப்பா இது? விளம்பரப் பாட்டுதான், ஆனா பள்ளிக்கூடம் முடிச்சுப் பிரியுறதைப் பத்தினது. 'இந்த மரத்தடியில பிரியுறோம், பூ அடுத்த வருஷமும் பூக்கும், நாம பார்ப்பமான்னு தெரியல'ன்னு அர்த்தம்."

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "அப்ப சயோனரா?"

"போறேன்னு சொல்றது. அதுவும் சும்மா கடைக்குப் போறது இல்ல... பிரிஞ்சு போறது."

"ஆத்தாடி! ஒரு மாசமா ஊர் பூரா இழவு கொட்டியிருக்கேனா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இது விளம்பரப் பாட்டுன்னியே ஸ்டெல்லா, எதை விக்கிறதுக்கு?" என்று கேட்டேன்.

"சாக்லேட்டுக்கு, டீச்சர்."

"அழுதுக்கிட்டே சாக்லேட் விக்கிறாகளா?" என்றார் அண்ணன்.

சாக்லேட் மட்டுமா? செல்போன், டீ பாட்டில், வீடு மாற்றித் தரும் லாரி கம்பெனி... மார்ச் வந்தால் ஜப்பானில் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பாட்டு வந்துவிடுமாம். அங்கே மார்ச்சில் படிப்பு முடிகிறது. ஏப்ரலில் புதுப் பள்ளி, புது வேலை, புது ஊர். நடுவில் ஒரே ஒரு வாரம் சகுரா மரம் பூத்துக் கொட்டுகிறது. பிரிவும் பூவும் ஒரே நாளில் வந்தால் பாட்டு வராமல் என்ன செய்யும்?

நமக்கு மட்டும் வசந்தம் இல்லையா? இருக்கிறது. மா பூக்கிறது, வேம்பு பூக்கிறது. ஆனால் யாராவது பாய் விரித்து அதன் கீழே உட்கார்ந்து பாடுகிறோமா? அண்ணாந்து பார்த்து, "இந்த வருசம் காய்ப்பு எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம்!

இன்னொன்றும் கவனித்தேன். நம் விளம்பரங்களில் யாராவது எங்காவது போகிறார்களா? எல்லாரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். வாரீர், வாரீர். குடும்பத்துடன் வாரீர். போகிறவர்களுக்கு நம்மிடம் ஒரு மெத்தைகூடக் கிடையாது.

சரி, கதைக்கு வருகிறேன். விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அண்ணனுக்கு அழைப்பு. துணைக்கு ஸ்டெல்லா, அவளுக்குத் துணையாக நான்.

"திறப்பு விழாவுக்கே போறேன்னு பாடிட்டியேய்யா! நம்ம ஊர்ல வாசல் தாண்டுறப்பகூடப் போறேன்னு சொல்ல மாட்டோம். வாரேன்னுதான சொல்லுவோம்?" என்று முதலாளி கொதித்தார். இனி இந்த ஆட்டோ அந்தத் தெருப் பக்கமே வரக் கூடாது என்றார். சித்திரைத் திருவிழா வேலை முழுவதும் அந்தத் தெருக் கடைகளை நம்பித்தான் இருந்தது. அண்ணன் முகம் செத்துவிட்டது.

ஸ்டெல்லாதான் பேசினாள். "தப்புதான்யா. அடுத்தவுக பாட்டைக் கேக்காமப் போட்டதே தப்பு. ஆனா அந்த ஊர்ல இந்தப் பாட்டை ஏன் போடுறாக தெரியுமா? வீட்டை விட்டுப் புது ஊருக்குப் போற பிள்ளைக்கு மொத ராத்திரி படுக்க ஒரு மெத்தை வேணும்ல? நானும் அடுத்த வாரம் போறேன். போற எடத்துல மொதல்ல வாங்கப்போறது மெத்தைதான்."

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அவர் மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

"சரித்தா. ஆனா தமிழ்ல பாடச் சொல்லு. டீச்சரம்மா ரெண்டு வரி எழுதட்டும்."

எழுதினேன். 'போயிட்டு வாரேன்னு சொல்லு, புது மெத்தையில படுத்துக் கொள்ளு.' வாசகர்கள் மன்னிக்கவும். இதைவிட மோசமான வரிகளுக்கு எல்லாம் நீங்கள் தலையாட்டியிருக்கிறீர்கள்! அண்ணனே மெட்டுக் கட்டி, அண்ணனே பாடினார். மெத்தை விற்றதா என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மகள் ஜப்பான் போகிறாள் என்பதைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. "எந்த ஊரு, என்ன வேலை, எப்ப வருவ... எதுவும் கேக்க மாட்டேங்கிறாக டீச்சர்," என்றாள் ஸ்டெல்லா. "சாப்பிட்டியான்னு மட்டும் கேக்குறாக. கோவமா இருக்காகளா?"

போன வியாழக்கிழமை மதியம் அவள் கிளம்பினாள். மதுரைக்குப் பஸ், அங்கிருந்து விமானம். பெட்டி பெரிது என்பதால் விளம்பர ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அண்ணன் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றினார். இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"போயிட்டு வாரேன்ப்பா."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பஸ் நகர்ந்தது. வெளியே போகும் வழியில், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்று குறுக்கே நின்றிருந்தது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் பஸ்ஸையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று ஆட்டோவுக்குள் ஏறி மைக்கை எடுத்தார். முப்பது வருடமாக மைக்கில் பேசிய மனிதர்... மைக் இல்லாமல் அவருக்குப் பேச வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அன்பார்ந்த பயணிகளே! மதுரைப் பேருந்தில் பயணம் செய்யும் ஸ்டெல்லா அவர்களின் கவனத்திற்கு. தாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தங்கள் தகப்பனாருக்குக் கோவம் எதுவும் இல்லை என்பதை... மிகுந்த... மிகுந்த..."

'மகிழ்ச்சியுடன்' என்பது வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு குழாயிலும் வந்தது. பூக்காரம்மா எழுந்து நின்றார். டீக்கடையில் பாய்லர் மட்டும் சத்தம் போட்டது.

ஜீப் விலகிப் பஸ் வெளியேறிய பிறகும் அண்ணன் மைக்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார். ஸ்டெல்லாவின் குரல் மைக் வழியாக எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா... மைக்கை ஆஃப் பண்ணுங்கப்பா. பஸ்ஸுல எல்லாரும் அழுறாக."