இரண்டு தட்டு அதிகம்

அருமைராசாவின் வேலை பாட்டுக் கேட்பது. சொன்னால் சிரிப்பார்கள் என்று ஊருக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அவர் அதைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்க மனேஜராக இருந்தவர், மொன்றியலுக்கு அகதியாக வந்து, ஒரு கசெட் தொழிற்சாலையின் கண்ணாடி அறையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். பதிவாகி வருகிறவற்றில் நூற்றுக்கொன்றை எடுத்து முழுதாகக் கேட்க வேண்டும். இரைச்சலோ இழுவையோ இருந்தால் கழித்துவிட வேண்டும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அவர் காதில் வந்து விழுந்தது ஒரு ஸ்கொட்லாந்துக் குழுவின் புது அல்பம். ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்தவர்களாம். அட்டைப் படத்தில் நரைத்த தலையும் தொப்பையுமாக நான்கு பேர், இன்னும் பெடியன்கள் என்ற நினைப்பில் தோல் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். கிழவர்களுக்கு ஏன் இந்த வேலை என்று முதலில் எரிச்சல்பட்டவர், நானூறு தடவை கேட்டு முடிந்தபோது அவர்களோடு குடும்பம் நடத்தியவர் போல ஆகிவிட்டார். பாடகன் எங்கே மூச்சு வாங்குவான், மூன்றாம் பாட்டில் மேளம் எத்தனை அடியோடு நிற்கும் எல்லாம் அத்துபடி.

கழித்த கசெட்டுகளைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். அருமைராசா அவற்றின் மேல் ஓட்டைகளைச் செலோடேப்பால் மூடி, திரும்பப் பதியக்கூடியதாக்கி, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். யாழ்ப்பாணத்தில் அவருடைய மனைவி யோசெப்பின் அந்தப் பாட்டுகளின் மேலேயே பேசிப் பதிந்து அனுப்புவாள். போரால் அங்கே கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுபோகவும் அரசாங்கத் தடை. அதனால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து டேப் ரெக்கார்டருக்கு வயர் இழுத்திருந்தார்கள். அவளுடைய அண்ணன் ஹென்றி பெடல் மிதிப்பான். அவள் மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் தொடங்குவாள்.

"இஞ்சேருங்கோ, கேக்குதோ?"

மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியில், தன் வாடகை அறையில் தனியே இருந்து இவர் வாய்விட்டு "ஓம், கேக்குது" என்பார். ஹென்றி களைத்தால் அவள் பேச்சும் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஸ்கொட்லாந்துக்காரன் பாதிச் சொல்லில் பாடத் தொடங்குவான். இவ்வளவு நேரமும் அவள் முதுகுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவனைப் போல.

அந்த ஒக்டோபர் கடைசியில், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே ஒரே நாளில் வீடுகளை விட்டு எழும்பி வன்னிப் பக்கமாக நடந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இருக்கிறார்களா இல்லையா என்று கேட்க ஒரு இடமும் இல்லாமல் மனிதர் பைத்தியம் பிடித்தவராக அலைந்தார். மாதா கோவிலில் அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் போனவர், உயிரோடு இருப்பவர்களுக்கா செத்தவர்களுக்கா என்று சுவாமியார் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார்.

பெப்ரவரியில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒரு கசெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வன்னியில் கைமாறிக் கைமாறி வந்ததாம், யார் தந்தது என்று தெரியாதாம். கடிதம் இல்லை. செலோடேப் இவர் ஒட்டியதுதான்.

மறுநாள் மதிய இடைவேளையில் தொழிற்சாலையின் நல்ல மெஷினில் போட்டார். முதல் பாட்டு முழுதாகப் போனது. இரண்டாவதும் போனது. குரல் இல்லை. மூன்றாவது பாட்டில் மேளம் நின்ற இடத்தில் பாட்டு அறுந்தது. நாற்பது விநாடி வெறுமை. பிறகு பாடகன் பாதிச் சொல்லில் வந்தான். எட்டிப் பார்த்த மேற்பார்வையாளர், யாரோ தவறிப் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அருமைராசா பின்னுக்கு ஓட்டி அந்த இடத்தை மறுபடி போட்டார். மேளம் ஒன்பது அடியோடு நிற்க வேண்டும். பதினொன்று கேட்டது.

கடைசி இரண்டும் மேளம் இல்லை. விரல். இரண்டு தட்டு.

யோசெப்பின் இருக்கிறாள். அவருக்குக் கண் நிறைந்து, மூக்கு ஒழுகி, சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பு வந்தது. அவள் பேசவில்லையே என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. அந்த வெறுமையை இன்னொருமுறை கேட்க ஆசைப்பட்டு ஒலியை முழுதாகக் கூட்டினார்.

இரைச்சலுக்கு அடியில் சைக்கிள் செயின் கிறீச்சிட்டது. அதன் மேல், மைக்குக்கு மிக அருகில், ஒரு மூச்சு. செயின் கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் மூச்சு இரைத்தது. செயின் மெதுவாகும்போது மூச்சும் மெதுவானது. காதை நம்பிப் பிழைத்த மனிதருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையில்லை. மைக்கைப் பிடித்திருப்பவளேதான் பெடலையும் மிதிக்கிறாள்.

ஹென்றி ஏன் மிதிக்கவில்லை?

நாற்பது விநாடியும் அதைச் சொல்லத்தான் அவள் முயன்றிருக்கிறாள். பிறகு கால் நின்றுவிட்டது.

சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பி வந்தபோது, கண்ணாடி அறைக்குள் அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அது தமிழ் என்பதால் யாருக்கும் விளங்கவில்லை.

"ஓம் யோசெப்பின், கேக்குது. சொல்ல வேண்டாம், இறங்கு."