குரோக்கரின் காது

டெல்பர்ட் குரோக்கர் கான்சஸ் மாநிலத்துச் சின்னக் கல்லூரி ஒன்றில் முப்பத்தொரு வருடமாக பேஸ்பால் பயிற்சியாளர். ஆட்டம் நடக்கும்போது அவர் வாய் சூரியகாந்தி விதை கொறிக்க மட்டுமே, பேச்செல்லாம் கைதான். மூக்கைத் தொட்டால் நில். தொடையைத் தட்டினால் ஓடு. வீட்டிலும் அவர் மூக்கைத் தொட்டால் மனைவி ஆர்லீன் பரிமாறுவதை நிறுத்திவிடுவாள்.

கை தவறிக் காட்டியதை ரத்து செய்ய மற்ற பயிற்சியாளர்கள் தனியாக ஒரு சைகை வைத்திருந்தார்கள். குரோக்கருக்கு அது பிடிக்காது.

"கை சொன்னா சொன்னதுதான். ஏன்னு கேக்காம ஓடுங்கடா."

"என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டப்பவும் இதே லட்சணம்தான்," என்பாள் ஆர்லீன்.

இத்தனை வருடத்தில் கோப்பை மட்டும் வரவில்லை. அந்த மே மாதம் கல்லூரியின் விளையாட்டுத் தலைவர் மார்ஷ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவையும் இல்லேன்னா, டெல்பர்ட், உங்களுக்கு நல்லா ஒரு விருந்து வெச்சு வழியனுப்பிடலாம்."

அரையிறுதியில் ஜெயித்ததும் பையன்கள் அவர் தலையில் ஒரு வாளி ஆரஞ்சு சோடாவைக் கவிழ்த்தார்கள். ஜெயித்த தொப்பியைத் துவைத்தால் அதிர்ஷ்டமும் கரைந்துபோகும். அதனால் மறுநாள் இறுதி ஆட்டத்துக்கும் அதே தொப்பிதான்.

"விளையாடப் போறியா, எறும்புக்கு விருந்து வைக்கப் போறியா?" என்றாள் ஆர்லீன்.

வந்தது எறும்பல்ல.

கடைசிச் சுற்று. இரு பக்கமும் சமம். மூன்றாம் தளத்தில் ஓடத் தயாராகக் கேலப், பக்கத்திலேயே கோட்டுக்கு வெளியே சைகை காட்ட குரோக்கர். மட்டையாளன் நிற்கும் கடைசித் தளத்துக்கு 'வீடு' என்று பெயர்; கேலப் வீடு சேர்ந்தால் கோப்பை. மட்டையோடு நின்றவன் வென்டல். காளை மாதிரி பையன். அவன் அடிக்குப் பயந்து எதிரணியினர் பக்கத்துக் கோதுமை வயல்வரை பின்வாங்கியிருந்தார்கள்.

ஒரு குளவி குரோக்கரின் தொப்பி விளிம்பில் இறங்கியது. தலையை அசைத்தார். காதுக்கு மாறியது.

காதைத் தொட்டால் அர்த்தம் வேறு: பந்தெறிபவன் எறியும்போதே ஓடுகிறவன் கண்மூடி ஓட வேண்டும், மட்டையாளன் பந்தை மெல்லத் தட்டிவிட வேண்டும். வென்டல் எதையும் மெல்லத் தொட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவன் கோட்டைவிட்டால் கேலப் நடுவழியில் பிடிபடுவான். கோப்பை போகும், வேலையும் போகும். ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் வாய்ப்புகளும் தீர்ந்துவிட்டன.

"கோச், காதுல..." என்று முணுமுணுத்தான் கேலப்.

"தெரியும். வாயை மூடு."

குளவி காது மடலைச் சுற்றி நடந்து, உள்ளே எட்டிப் பார்த்தது. குரோக்கர் இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டார். கழுத்தில் வியர்வை வழிந்தது. வென்டல் கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தெறிபவன் காலைத் தூக்கினான். குளவி கொட்டியது.

கை தானாகப் பறந்து காதில் அறைந்தது.

கேலப் அப்போதே ஓட ஆரம்பித்திருந்தான். வென்டலின் முகம் வெளுத்தது. ஆனாலும் மட்டையைத் தூங்கும் குழந்தையைப் போல ஏந்திப் பிடித்தான். பந்து முட்டை மாதிரி உருண்டு புல்லில் நின்றது. அதை எடுக்க ஆட்கள் வயலிலிருந்து வர வேண்டியிருந்தது. கடைசியில் மட்டையாளனுக்குப் பின்னால் குந்தியிருந்த பிடிப்பவன்தான் பாய்ந்து எடுத்தான், கேலப் சறுக்கினான், புழுதி எழுந்தது.

நடுவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார். கேலப் வீடு சேர்ந்துவிட்டான்.

"வென்டலை வெச்சு இப்படியொரு வேலையா? உமக்கு நெஞ்சழுத்தம்தான்யா," என்று கைகுலுக்கினார் எதிரணிப் பயிற்சியாளர். குரோக்கரின் காது வீங்கிக்கொண்டிருந்தது.

"குளவின்னு உனக்குத் தெரியுமேடா," என்றார் கேலப்பிடம்.

"தெரியும் கோச். ஆனா கை சொல்லிடுச்சே."

கோப்பையோடு எடுத்த படத்தில் அந்தக் காது ஒரு பான்கேக் அளவு இருக்கும். வழியனுப்பு விருந்து ஆறு வருடம் தள்ளிப்போனது. அடுத்த வசந்தத்தின் முதல் பயிற்சியில் அவர் மார்புக்குக் குறுக்கே கையை ஓட்டிக் காட்டினார். "இப்படிச் செஞ்சா, முன்ன சொன்னது இல்லைன்னு அர்த்தம்."

வேலிக்கு வெளியே நின்றிருந்த ஆர்லீன் கேட்டாள்: "இது வீட்டுக்கும் உண்டா, டெல்பர்ட்?"

குரோக்கர் மூக்கைத் தொட்டார்.