ஆறிய வண்டியில் பார்த்த நீலப் பொறி

தொண்ணூறுகளின் கடைசியில், மெக்கானிக்கான நான் ஆசையாக வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிளைப் பேரையூரில் இருந்த தங்கை கணவர் செல்வத்துக்குக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை தங்கையும் அவரும் அந்த வண்டியில் மதுரைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை செல்வம், "மச்சான், வண்டி சூடானா பொசுக்குனு நின்னுருது. எம்புட்டு உதைச்சாலும் எடுக்க மாட்டேங்குது" என்றார்.

நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜின்மேல் ஒட்டவைத்து, கிக்கரை உதைத்தேன். நீலமாகப் பொறி தெறித்தது.

"கரண்ட் நல்லா வருது மாப்ள. பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற காயில் கல்லு மாதிரி இருக்கு. கோளாறு வண்டில இல்ல, ஓட்டுறவருகிட்ட!"

தங்கை சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

தங்கையை எங்களிடம் விட்டுவிட்டு, மதியம் அவர் மட்டும் கிளம்பினார். திருமங்கலம் தாண்டி நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கையில் வண்டி நின்றுவிட்டது. நடுச்சாலையில் உதைத்துக்கொண்டிருந்தவர்மீது லாரி மோதியது. அங்கேயே இறந்துபோனார்.

சில நாள் கழித்துக் காவல் நிலையத்தில் வண்டியைப் பார்த்தேன். முன்சக்கரம் நெளிந்து கிடந்தது. என்ன நினைத்தேனோ, கிக்கரை உதைத்தேன். ஒரே உதையில் இன்ஜின் ஓடியது. வெயில் ஏறும் நேரங்களில் அந்தச் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

பழைய காயிலுக்குள் கம்பிச்சுற்று சூட்டில் விட்டுப்போகும். ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியை நான் சோதித்திருக்கிறேன்.

இப்போது யார் வண்டியைக் கொண்டுவந்தாலும், நானே ஓட்டிப்போய், இன்ஜினில் கை வைக்க முடியாத அளவு சூடேறிய பிறகுதான் பிளக்கைக் கழற்றுகிறேன்.

காயில்தான் காரணம் என்று தங்கையிடம் மட்டும் இதுவரை சொல்லவில்லை. நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை அவள் வாராவாரம் படிப்பவள்.