கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவள்

எமில்டா மிஸ்ஸுக்குப் பொறாமை என்ற சொல்லே பிடிக்காது. அது மற்றவர்களுக்கு வருகிற வியாதி என்று நினைத்திருந்தாள். ஜெயசெல்வி என்ற பெயரைக் கேட்டதும் தன் அடிவயிற்றில் கிளம்புகிற எரிச்சலுக்கு அவள் வேறு பெயர் வைத்திருந்தாள்: நியாயமான வருத்தம். பெயரை மாற்றினால் எரிச்சல் குறையுமா? குறையவில்லை.

தூத்துக்குடியில் அந்தப் பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி என்றால் எமில்டா மிஸ். மாதா கோவில் திருவிழாக் கூட்டத்தில் நடந்து போனால் நாலு பேராவது வழிமறித்து, "மிஸ், நான் ஒங்க ஸ்டூடண்ட்" என்பார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி ஹார்பரில் ஆபீசர். எமில்டாவின் குரல் பள்ளி வாசல் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மொத்தப் பாடத்தையும் முடித்துவிடுவாள். அவள் வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறக்காது. அதுதான் ஒழுங்கு என்று அவளும் நினைத்தாள், பெற்றோரும் நினைத்தார்கள்.

அப்படி இருந்த இடத்துக்கு, போன ஜூன் மாதம் தற்காலிக ஆசிரியையாக வந்து சேர்ந்தாள் ஜெயசெல்வி. ஏரல் பக்கம் வயற்காட்டு ஊர்க்காரி. கல்யாணமாகி, தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டையில் குடியிருந்தாள். தினமும் டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்குவாள். குரல் மெல்லியது, கடைசி பெஞ்சுக்குக் கேட்குமா என்பதே சந்தேகம். ஆனால் இன்டர்வெல் மணி அடித்தால் வராந்தாவில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாக எமில்டா அதைப் பார்ப்பாள். அந்தக் கூட்டத்தில் தன் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலையை எண்ணவும் செய்வாள். எண்ணிவிட்டு, டீ ஆறிப்போனதற்கு ஆயாவைத் திட்டுவாள்.

அந்த வருடம் ப்ளஸ் டூவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதில் ஒரு சிக்கல் வந்தது. தருவைக்குளத்திலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் வருகிற பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் பஸ் பிடிக்காவிட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடுகிறது. தலைமையாசிரியை பிலோமினா சிஸ்டர் யோசித்து, சாயங்கால வகுப்பை ஆன்லைனில் நடத்தலாம் என்றார். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு இலவசப் பயிற்சியின் லிங்க்கையும் போட்டார். ஆன்லைனில் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வதற்கான பயிற்சி அது.

"எமில்டா, நீங்க ஏ செக்‌ஷன் எடுங்க. ஜெயசெல்வி பி செக்‌ஷன் எடுக்கட்டும். ரெண்டு பேரும் இந்தக் கோர்ஸையும் முடிங்க. முடிச்சதும் ரெண்டு பேரோட ரெக்கார்டிங்கையும் பாத்துட்டு, மொத்தப் பிள்ளைகளுக்கும் யார் எடுக்கணும்னு நான் சொல்லுதேன்" என்றார் சிஸ்டர்.

எமில்டாவுக்கு முகம் சிவந்தது. நேற்று வந்தவளோடு என்னையும் தராசில் வைக்கிறார்களே! அந்தச் சாயங்கால வகுப்பு ஜெயசெல்விக்குப் போய்விட்டால், அடுத்த வருடம் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் வழிமறிக்கப் போவது யாரை? இதுதான் அவளுக்கு நெஞ்சில் தைத்தது. பதவியும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். கெமிஸ்ட்ரி மிஸ் என்றால் அது தான் ஒருத்திதான்.

பயிற்சியின் முதல் வேலை, தன் வகுப்பைப் பதிவு செய்து தானே உட்கார்ந்து பார்ப்பது. இனிகோ நகர் வீட்டில் கட்டிலில் சாய்ந்தபடி எமில்டா தன்னையே பார்த்தாள். சேலை மடிப்பு நன்றாக நின்றது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. பிள்ளைகள் எல்லாரையும் மியூட்டில் போட்டிருந்ததால் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. 'உங்கள் வகுப்பைப் பார்த்தபோது எது உங்களை யோசிக்க வைத்தது?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'எதுவும் இல்லை, நன்றாக இருந்தது' என்று எழுதி அனுப்பிவிட்டு மீன் குழம்பைப் பார்க்கப் போனாள்.

அடுத்த வேலை கொஞ்சம் வில்லங்கமானது. ஒரே ஊர் ஆசிரியர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். தீர்ப்புச் சொல்லக் கூடாது, கண்டதை எழுத வேண்டும், முடிந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. எமில்டாவுக்கு ஜோடியாக வந்தது ஜெயசெல்வி. வேறு யார் வருவார்கள்?

ஜெயசெல்வியின் கருத்து முதலில் வந்தது. இரண்டே வரி. 'கேள்வி கேட்ட உடனேயே நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள். பொறுத்திருந்தால் பிள்ளைகள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் மிஸ்?'

"கொழுப்பப் பாரு" என்றாள் எமில்டா, ஆளில்லாத அறையில்.

அன்று சாயங்காலமே ஜெயசெல்வியின் பதிவைத் திறந்தாள். பாறை மீனில் முள் பார்ப்பதுபோல் பார்த்தாள். பின்னால் சுவரில் சாயம் உரிந்திருந்தது, நல்லது. நடுவில் குக்கர் விசில் அடித்தது, ரொம்ப நல்லது. ஒரு கேள்வி கேட்டாள் ஜெயசெல்வி. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். எமில்டா வீடியோ நின்றுவிட்டதோ என்று திரையைத் தட்டினாள். நிற்கவில்லை. ஜெயசெல்வி தண்ணீர் குடித்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள், மறுபடியும் சும்மா இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எமில்டாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. பதிலைச் சொல்லித் தொலையேன்டி!

அப்போது திரையின் மூலையில் ஒரு பெயர் மினுங்கியது. ரோச்.

ரோச் எமில்டாவின் கணவர். தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அவருடைய பழைய போன் வீட்டில்தான் கிடந்தது. எமில்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெயரிலிருந்து வந்த குரல் அவள் மகள் டயானாவுடையது. டயானா ஏ செக்‌ஷன். தன் சொந்த அம்மாவின் வகுப்பில் இருக்கிற பிள்ளை. ஜெயசெல்வி வகுப்பு நடக்கிற செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் காற்றாட மொட்டை மாடியில் படிக்கிறேன் என்று போகிறவள்.

"மிஸ், இது டென்த்துலயே தெரிஞ்சிருக்கணும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னது குரல். "காஞ்ச உப்புல கரெண்ட் போகாது, உப்புத் தண்ணியில போகும். ஏன்னு எனக்கு நெசமாவே புரியல. மனப்பாடம் பண்ணித்தான் பரிட்சைல எழுதுனேன். சிரிக்காதீங்க மிஸ்."

"எதுக்குச் சிரிக்கணும்? நல்ல கேள்விதான். ஏன்னு யாரு சொல்லுதீங்க?" என்றாள் ஜெயசெல்வி. மறுபடியும் சும்மா இருந்தாள்.

யாரோ ஒரு பிள்ளை, தண்ணியில் போட்டால் உப்பு பிரிந்துவிடுமோ என்றாள். இன்னொருத்தி, பிரிந்தால் ப்ளஸ் தனி மைனஸ் தனியாக ஆகும் என்றாள். ஜெயசெல்வி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு டயானாவே கத்தினாள்.

"மிஸ்! காஞ்ச உப்புல அதுக எல்லாம் கட்டிப் போட்ட மாதிரி நிக்குது. தண்ணியில அவுத்து விட்டாச்சு. நகருது. அதான் கரெண்ட்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எமில்டா பதிவை நிறுத்தினாள். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். வராந்தாவில் என் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்தாய், போகட்டும். என் வீட்டுக்குள் புகுந்து நான் பெற்ற பிள்ளையையும் பிடித்துவிட்டாயா? டயானாவைக் கூப்பிட்டு நாலு அறை விடலாம் என்று எழுந்தாள். கூப்பிட்டால், ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்க வேண்டும். அதற்கு அவள் என்ன பதில் சொல்வாளோ என்று பயமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டாள். கருத்துப் பெட்டியைத் திறந்தாள்.

நல்ல தமிழில் எழுதினாள். மரியாதையாக, பூப்போல எழுதினாள். 'கேள்வி கேட்டபின் ஆசிரியை நீண்ட நேரம் பேசாமல் இருப்பதைக் கண்டேன். பார்ப்பவர்களுக்கு, ஆசிரியைக்கே விடை தெரியவில்லையோ என்று தோன்றக்கூடும். பெற்றோர் யாராவது பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பார்கள்? ஆன்லைனில் நேரம் மிகவும் அருமையானது அல்லவா?' உப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சிரிப்பைப் பற்றியும் எழுதவில்லை. கண்டதை எழுதச் சொன்னார்கள், கண்டதில் பாதியை எழுதினாள். அனுப்பியதும் வயிறு குளிர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாகவே இறங்கியது.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ஜெயசெல்வி வந்து பக்கத்தில் நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று எமில்டா தயாரானாள்.

"ரொம்ப தேங்க்ஸ் மிஸ். எனக்கே உள்ளுக்குள்ள அந்தப் பயம் இருந்துச்சு. சும்மா இருக்கும்போது நெஞ்சு படபடன்னு அடிக்கும், பிள்ளைக நம்மள ஒன்னும் தெரியாதவன்னு நெனைச்சிருமோன்னு. அந்தப் பயிற்சியில பொறுத்துப் பாக்கச் சொன்னாங்களேன்னுதான் பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். நீங்க இவ்வளவு வருஷம் எடுத்தவங்க, நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே மாத்திக்கிடுதேன்."

இல்லை என்று சொல்ல எமில்டாவுக்கு ஒரு கணம் கிடைத்தது. ஜெயசெல்வி வழக்கம்போல் பொறுமையாகத்தான் நின்றாள்.

"ஆமா, மாத்திக்கிடுங்க. நம்ம ஊருப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் சரிப்படாது" என்றாள் எமில்டா.

ஜெயசெல்வி சொன்னபடி செய்தாள். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளை அவள், அதுதான் அவளுடைய குறை. பயிற்சி முடிந்தபோது பிலோமினா சிஸ்டர் இருவருடைய கடைசிப் பதிவுகளையும் பார்த்தார். ஜெயசெல்வி கேள்வி கேட்ட சூட்டோடு பதிலும் சொல்லிக்கொண்டு போனாள், அந்த மெல்லிய குரலில், மூச்சு வாங்க. எமில்டாவும் அதையேதான் செய்தாள், ஆனால் பல வருடப் பழக்கம், கம்பீரமாகச் செய்தாள். இரண்டும் ஒரே மாதிரி வகுப்பாக இருந்தால் சத்தமாக நடத்துகிறவர்தானே ஜெயிப்பார்? சாயங்கால வகுப்பு எமில்டாவுக்குக் கிடைத்தது. அவள் ஸ்டாஃப் ரூமுக்கு பேக்கரியிலிருந்து முந்திரி மக்ரூன் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். ஜெயசெல்விக்கு இரண்டு கொடுத்தாள்.

மிச்சமிருந்த மக்ரூனோடு வீட்டுக்கு வந்தாள். டயானா கூடத்தில் அப்பாவின் பழைய போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, சாயங்கால கிளாஸ் இனி முழுக்க அம்மாதான். ரெண்டு செக்‌ஷனுக்கும்."

"அப்படியாம்மா" என்றாள் டயானா. மக்ரூனை எடுக்கவில்லை.

"என்னளா, சந்தோசமா ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? ஜெயசெல்வி கிளாஸ் போச்சேன்னு இருக்கா?" வாய் தவறித்தான் வந்துவிட்டது.

டயானா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்தது. அழவில்லை, மறைக்கவும் இல்லை.

"நான் போவேன்ம்மா. ஒங்கள்ட்ட சொல்லாமப் போனது தப்புதான். ஆனா கொஞ்ச நாளா அங்கயும் போறதில்ல. அவங்களும் ஒங்கள மாதிரியே ஆயிட்டாங்க."

எமில்டா மக்ரூன் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். ஒங்கள மாதிரியே. திருவிழாக் கூட்டத்தில் யாராவது சொல்லியிருந்தால் குளிர்ந்து போயிருப்பாள். ஜெயசெல்வியின் வகுப்பை ஜெயசெல்வியிடமிருந்து பிடுங்கியதாகத்தான் இதுவரை அவள் நினைத்திருந்தாள். யாரிடமிருந்து பிடுங்கினோம் என்பது எதிரே பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இப்போதும் அவளுக்கு ஜெயசெல்விமேல் பொறாமைதான். இந்தத் தடவை அதற்கு வேறு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒனக்கு என்ன புரியல, அம்மாட்ட சொல்லு."

கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினாள். மின்விசிறி சுற்றியது. தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். நெஞ்சு படபடவென்று அடித்தது, ஜெயசெல்வி சொன்னபடியே.

அம்மா இப்போது ஆரம்பிப்பாள், இப்போது ஆரம்பிப்பாள் என்று டயானா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பிக்கவில்லை என்றதும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போனைச் சார்ஜில் போட எழுந்தாள்.

"நீங்களே சொல்லிருங்கம்மா" என்றாள்.