மாலையில் சுருளும் இலை

மருமகள் இரண்டு வாரப் பயிற்சிக்காகப் பூனா போனபோது, கூடத்து ஜன்னலோரம் வைத்திருந்த வண்ணச் செடிகளை என்னிடம் விட்டுப் போனாள். அதில் ஒன்றின் மேல்தான் அவளுக்கு உயிர். பச்சை இலையில் ரோஸ் நிறக் கோடு இழுத்தது போலிருக்கும். அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம். கல்யாணமாகி மதுரையிலிருந்து ஓசூருக்கு வந்தபோது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, வாரத்துக்கு ஒரு டம்ளர் போதும்."

"ஏம்மா, அம்பது வருசம் கொல்லையில நின்னவளுக்கு நீ தண்ணி ஊத்தச் சொல்லித் தர்றியா?" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரம் பார்க்கிறேன், அந்த ரோஸ் கோட்டுச் செடியில் விரிந்திருந்த இலையெல்லாம் மேலே தூக்கிச் சுருண்டு நிற்கிறது. குருபரப்பள்ளிப் பக்கம் நான் களையெடுத்த கேழ்வரகுக் கொல்லைகளில் பயிர் இலையைச் சுருட்டினால் தாகம் என்று அர்த்தம். ஒரு சொம்பு ஊற்றினேன். காலையில் இலை விரிந்திருந்தது. பெருமையாக இருந்தது. மறுநாள் மாலையும் சுருட்டியது, மறுபடி ஒரு சொம்பு. மற்ற செடிகள் சுருட்டவில்லை, அவற்றுக்கு டம்ளர்தான்.

எட்டாம் நாள் தண்டு தொட்டதும் சாய்ந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொட்டியை வெயிலுக்கு நகர்த்தினேன், நிழலுக்கு இழுத்தேன். ஜன்னலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். கடைசியில் கவிழ்த்துப் பார்த்தால் வேர் கொழகொழவென்று கையோடு வந்தது, சாக்கடை நாற்றம். அழுகாமல் மிஞ்சியது ஒரே ஒரு கன்று, இரண்டு இலை. அதைக் காய்ந்த மண்ணில் வைத்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த மகன் பார்த்தான். "நர்சரில இதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிடலாம்மா. அவளுக்கு என்னா தெரியப் போவுது?"

"ஊரான் புள்ளையக் கொண்டாந்து தூளியில போட்டா பெத்தவளுக்குத் தெரியாதாடா? போனப் போடு."

போனில் சொன்னேன். "நாந்தாம்மா கெடுத்துட்டன். தெனமும் ஊத்துனன். சாயங்காலமானா இலை சுருட்டுச்சு, தாகம்னு நெனச்சன்."

"அது அப்படித்தான் அத்தை. பொழுது சாஞ்சா மூடும், காலைல விரியும். தூங்குற பிள்ளைய எழுப்பி எழுப்பிச் சோறு ஊட்டியிருக்கீங்க." சிரிக்கப் பார்த்தாள். "மிஞ்சுன கன்னுக்கு நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தாதீங்க."

ஊற்றச் சொல்லியிருந்தால் சுலபம். அன்று மாலை அந்த இரண்டு இலையும் எழ ஆரம்பித்ததுமே கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். கம்பெனி பஸ் நிற்கும் ரோடு வரை போய், இருட்டின பிறகு திரும்பினேன். ஆறு மாலையும் அப்படியே.

அவள் வந்த அன்று ஓர் இலை கருகியிருந்தது, மற்றது நின்றது. அவள் தொட்டியைத் தூக்கித் தன் அறைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. நியாயம்தான். என்றாலும் பொழுது சாய்ந்தால் அந்த அறை வாசலில் நாலு தடவையாவது நடக்காமல் இருக்க முடியவில்லை.