தெரிஞ்சவங்க பொண்ணு

செம்பாக்கத்துப் பள்ளி ஒன்றில் என் மகளை இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியை ஒரு நிபந்தனை வைத்தார். பெற்றவர்களில் ஒருவர் வகுப்பில் அவள் கூடவே உட்கார வேண்டும். அதற்கு முன் ஏறி இறங்கிய பள்ளிகளில் ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதுமே இடமில்லை என்றுவிட்டார்கள். அதனால் உடனே தலையாட்டினோம். மனைவிக்கு வங்கி வேலை. நான் இருந்த தொழிற்சாலை விருப்ப ஓய்வு என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம். நான்தான் போனேன்.

கடைசி பெஞ்சில் முழங்கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் கொஞ்ச நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பென்சில் சீவித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார்கள். அவர்களிடம் எனக்குக் கூச்சமில்லை. பெரியவர்களிடம்தான். தெருவில் யாராவது இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், சொந்த பிசினஸ் என்பேன். என்ன பிசினஸ் என்று கேட்பதற்குள் நகர்ந்துவிடுவேன்.

மகள் தானாகப் பேசுவது குறைவு. கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வாள். தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பை அந்தப் பெண்மணியின் இழுவை மாறாமல் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் பக்கத்து வகுப்பின் கூச்சல் தாங்காமல் அழத் தொடங்கியவளை வராந்தாவுக்குக் கூட்டி வந்தேன். சீருடையோடு தரையில் புரண்டு அலறினாள். அந்த நேரம் பார்த்து அலுவலக அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். இப்போது வேறு கம்பெனியில் நல்ல பதவியில் இருந்தார். வரும் கல்வியாண்டில் தன் மகளைச் சேர்க்க விசாரிக்க வந்திருந்தார்.

"சார், நீங்க எங்க இங்க?" என்றவர் தரையைப் பார்த்துத் தயங்கினார். "உங்க பொண்ணா?"

"இல்ல, தெரிஞ்சவங்க பொண்ணு" என்றேன். சொல்லிவிட்டுச் சின்னதாக ஒரு சிரிப்பு வேறு.

அவர் போன பிறகு அவள் அழுகை அடங்கியது. எழுந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சமையலறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நடந்தபடியே, "இல்ல, தெரிஞ்சவங்க பொண்ணு" என்றாள். அதே அவசரம், கடைசியில் அதே சிரிப்பு.

கத்தி நின்றது. யார் சொன்னது என்று மனைவி கேட்டாள். டிவியில் ஏதோ என்று ஆரம்பித்தேன்.

"இது உங்க குரல்" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. மிச்ச பீன்ஸையும் நறுக்கி முடித்துவிட்டு, "அவளுக்குப் புரியலைன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க" என்றாள்.

அந்த வாக்கியம் எங்களோடு வாரக்கணக்கில் குடியிருந்தது. பஸ்ஸில் சொன்னாள், தூங்கப் போகும்போது சொன்னாள். வகுப்பில் சொன்னபோது முன் பெஞ்சுக்காரி திரும்பி, "யாரச் சொல்றா அங்கிள்?" என்று கேட்டாள். நான் அவள் பென்சிலை வாங்கிச் சீவினேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது, அன்று வராந்தாவில் பார்த்தவருடைய மகளும் எங்கள் வகுப்புக்கே வந்தாள். அவளை விட வந்தவர் கதவருகே நின்று என்னைப் பார்த்தார். என் மகள் என் தோளில் தலை சாய்த்திருந்தாள். எழுந்து போய், அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன், இவள் என் பெண்தான் என்றேன்.

"தெரியும் சார். ஜாடை அப்படியே உங்களோடது" என்றார்.

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வாசலில் என்னைக் கண்டால், நான் சங்கடப்படக் கூடாதென்று செல்போனைப் பார்ப்பதுபோல் விலகிக்கொள்வார். அந்த நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வருடம் வந்த ஆசிரியை, நீங்கள் வெளியே இருங்கள் சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொண்டார். மகள் ஐந்தாம் வகுப்பு வரை வந்தாள். எந்த நாளில் அந்த வாக்கியத்தை விட்டாளென்று நான் கவனிக்கவில்லை.

ஐந்து முடிந்ததும் தலைமையாசிரியை கூப்பிட்டு, மேல் வகுப்புகளில் இவளால் சமாளிக்க முடியாது, வேறு இடம் பாருங்கள் என்றார். நான் சரி என்று எழுந்து வந்துவிட்டேன். அவளுக்காக வாதாடும் தகுதி எனக்கு இருப்பதாகவே தோன்றவில்லை.

மறுநாள் மனைவி வங்கிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பேசினாள். ஒரு மணி நேரத்துக்குமேல் பேசியிருப்பாள். ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது. அவ்வளவு நேரமும் நான் பள்ளி வாசலில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தேன்.